வேகத்துக்கே விழும் கைதட்டு

ஜாஸைப் பற்றித் தமிழில் யார் எழுத உட்கார்ந்தாலும் இரண்டாம் பத்தியில் மனோதர்மம் வந்துவிடுகிறது. ஜாஸ்காரர்கள் மேடையில் நின்றபடி கற்பனை செய்கிறார்கள், நம் வித்துவான்களும் செய்கிறார்கள்; ஆகவே இரண்டும் அக்காவும் தங்கையும். 2024இல் ஜாஸையும் நம் இசையையும் கலக்கும் ‘சக்தி’ குழுவுக்குக் கிராமி விருது கிடைத்தபின் இது வாதம் என்ற நிலையைத் தாண்டிச் சட்டமாகிவிட்டது. தமிழர் ஜாஸுக்குள் நுழைவதென்றால் கொன்னக்கோல் வழியாக நுழையவேண்டும், கஞ்சிரா வழியாக நுழையவேண்டும், கணக்கு வழியாக நுழையவேண்டும். சரி, குரல் எங்கே? சொல் எங்கே? ஜாஸின் பாதி வரலாறு பாடகிகளின் வரலாறு என்பதை மறந்தவர்களே இப்படிப் பேசமுடியும். கொழும்பில் இருந்துகொண்டு பேசினால் அது இரட்டை மறதி. இந்த ஊரிலிருந்து அமெரிக்க ஜாஸின் நடுமேடைக்குப் போனவர் தாள வித்துவான் எவருமில்லை. ஒரு பாடகி: யோலண்ட் பவன்.

முற்கதையை நீட்ட வேண்டியதில்லை. போர்த்துக்கேயர் விட்டுப்போன கஃப்ரிஞ்ஞா, அதிலிருந்து வொலி பஸ்டியன் வளர்த்தெடுத்த பைலா, கப்பலில் வந்திறங்கியவர்களுக்காகக் கொழும்பு ஹோட்டல்களில் வாசித்த நடனக் குழுக்கள், 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, எல்லாம் வாசகர் அறிந்தவை. 1958இல் டேவ் புரூபெக்கையும் 1963இல் டியூக் எலிங்டனையும் அமெரிக்க அரசு கொழும்புக்கு அனுப்பிவைத்தது. பனிப்போரால் நமக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் அதுவாக இருக்கலாம். இதற்கிடையில் 1956இன் மொழிச்சட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு பியானோ வைத்திருந்த பறங்கியர் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். பெரும்பாலானோர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். யோலண்ட் போன திசை வேறு.

1942இல் கொழும்பில் பிறந்தவர் அவர். பதின்ம வயதிலேயே கிரேம் பெல்லின் ஆஸ்திரேலியக் குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். பிறகு இங்கிலாந்தில் ஹம்ப்ரி லிட்டில்டனுடன். பில்லி ஹாலிடேயின் கடைசிக் காலத்தில் அவரோடு நெருங்கிப் பழகினார். 1962இல் அனி ரோஸ் விலகியதும் நியூயோர்க்கில் டேவ் லாம்பர்ட், ஜோன் ஹென்றிக்ஸ் இருவரோடும் மூன்றாம் குரலாகச் சேர்ந்தார். சேலையுடுத்து மேடையேறினார். ஜாஸ் வரலாற்றாசிரியர்களில் பலருக்கு அந்தச் சேலை நினைவிருக்கிறது, குரல் நினைவில்லை. அனி ரோஸுக்குப் பதிலாக வந்த பெண் என்ற அரை வரியோடு அவரைக் கடந்துவிடுகிறார்கள்.

அந்த மூவர் குழுவின் தொழில் என்னவென்று பார்த்தால்தான் அந்த அரை வரியின் அநியாயம் விளங்கும். சாக்ஸபோனும் எக்காளமும் ஏற்கெனவே வாசித்து இசைத்தட்டில் பதிந்துபோன தனியாவர்த்தனத்தை எடுத்து, அதன் ஒவ்வொரு சுரத்துக்கும் சொல் பொருத்திப் பாடுவது. வோகலீஸ் என்று அதற்குப் பெயர். நமக்கென்ன இது புதிதா? வர்ணமெட்டில் எழுதிப் பழகிய நாடகக்காரர்களும், நொண்டிச்சிந்தில் எழுதிய பாரதியும், மெட்டைக் கேட்டுவிட்டுப் பல்லவி சொன்ன கண்ணதாசனும் செய்தது இதற்குப் பக்கத்து வீட்டு வேலைதான். நான் கேட்டவரையில் அனியின் குரலில் எக்காளத்தின் கூர்மை இருந்தது. யோலண்டிடம் அது இல்லை. அவருடைய குரல் மிருதுவானது, சொல்லின் ஓரத்தை மழுக்காதது. மேல்ஸ்தாயியில் அனியை எட்டவில்லை என்று குறைகூறுவது எம்.எல். வசந்தகுமாரிபோல் டி.கே. பட்டம்மாள் பாடவில்லை என்று அலுத்துக்கொள்வதற்குச் சமம்.

1962க்கும் 1964க்கும் இடையில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் அந்த மூவர் குழுவின் மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டது: பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட், நியூபோர்ட் 63, வில்லேஜ் கேட். எலிங்டன் கொழும்புக்கு வந்த அதே ஆண்டு ஜூலையில் கொழும்புப் பெண் நியூபோர்ட் விழாவில் பாடிக்கொண்டிருந்தார்; கூட வாசித்தவர்களில் கோல்மன் ஹாக்கின்ஸும் கிளார்க் டெரியும் உண்டு. அந்தத் தட்டில் உள்ள ‘யே யே’ பாடலை ஜோர்ஜி ஃபேம் எடுத்துப் பாட, 1965 ஜனவரியில் அது பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. அதை முதலில் பாடிய மூன்று குரல்களில் ஒன்று நம் ஊர்க் குரல் என்பது வெள்ளவத்தையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் என் மனக்குறை வேறு. மூன்றும் நேரடி நிகழ்ச்சிப் பதிவுகள். கூட்டத்தைத் துள்ளவைக்கும் வேகப் பாடல்களே ஆட்சி செய்கின்றன. மெதுவான பாடலில், ஜாஸ்காரர்கள் பாலட் என்று சொல்லும் விளம்பகாலத்தில், அவர் எதுவரை போயிருப்பார் என்று கேட்க வழியில்லாமல் போயிற்று. 1964இல் குழு கலைந்தது. 1969இல் பீட்டர் ஐவர்ஸின் விசித்திரமான புளூஸ் தட்டில் பாடினார். 1972இல் வெதர் ரிப்போர்ட் குழுவின் தட்டொன்றில் கூட்டுக்குரலில் ஒருவர்; அங்கே சொல்லே கிடையாது. பிறகு நாடக மேடை.

பாலட் என்றால் என்ன செய்யமுடியும் என்பதற்கு பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ இருக்கிறது. 1958 பெப்ரவரியில், ரே எல்லிஸின் வயலின் கூட்டம் சூழ, உடைந்துபோன குரலோடு பாடியது. கற்பனைச் சுரம் என்று ஒன்றும் இல்லை. சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வைக்கிறார், அவ்வளவுதான். கேட்பவர் மூச்சு அங்கே நிற்கிறது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

இந்த இடத்தில் நம் எழுபதுகளின் பொப் இசையைக் கேட்கவேண்டும். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் நமக்குச் செய்த நன்மையை மறுக்கமாட்டேன். யாழ்ப்பாணப் பேச்சுமொழி கிட்டாரோடு நிற்கும் என்று நித்தி காட்டினார். அது சிறிய சாதனை இல்லை. ஆனால் பைலாவின் ஆறெட்டுத் தாளத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பக்கத்தில் இருந்த மெதுவான பாடலைப் பெரும்பாலும் தொடவில்லை. திருமண வீட்டுக் கைதட்டு போதுமென்று இருந்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளாகியும் அதே தட்டுதான் சுழல்கிறது. இப்போது அந்தக் கைதட்டைக் கொன்னக்கோல்காரர்கள் வாங்குகிறார்கள். வேகத்தின் உடை மாறியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை.

மெதுவாகப் பாட நமக்கு வராது என்று யாரும் சொல்லவேண்டாம். தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் பாடும் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியதாகச் சொல்லப்படும் அந்தப் புலம்பலில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு பெருமூச்சுக்கு இடமிருக்கிறது. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொட்டாஞ்சேனைக்குக் குடிவந்தவர்களின் காதில் அந்த நடை இருந்தது. அதே தெருக்களில் கிட்டாரும் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்க ஆளில்லை.

வெளியே ஒருவர் கேட்டிருக்கிறார். நியூயோர்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா துரைசாமி 2018இல் வெளியிட்ட ‘ஐக்கியம்: ஒண்ணு’ தட்டில் ஜாஸின் பழைய பாடல்களைத் தமிழ்ச் சொல்லோடு பாடினார். சங்கமம் என்ற பெயரில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பல தட்டுகளைவிட எனக்கு அது முக்கியம். தமிழ் நெடில் அந்த மெதுநடையில் இயல்பாக நீள்கிறது. வல்லினம்கூட முரண்டு பிடிக்கவில்லை.

எனவே வெள்ளவத்தைக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாஸ் பாடல்களில் மிகப் பல முப்பத்திரண்டு அளவு கொண்டவை: எட்டெட்டாக நான்கு பகுதி, மூன்றாவதில் மட்டும் மெட்டு மாறும். கண்ணி எழுதத் தெரிந்தவருக்கு இது கடினமான கட்டு அல்ல. யோலண்ட் பவனின் மூன்று தட்டுகளையும் முதலில் கேளுங்கள், பிறகு தமிழில் ஒரு மெதுவான பாடல் எழுதுங்கள். ஒரு பியானோ, ஒரு பேஸ், ஒரு குரல் போதும். அரங்கேற்ற ஐம்பத்தேழாம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபம் இருக்கிறது.