வேலைநீக்கமும் வீட்டு வாசலும்: பலாடாவின் நாவல் பற்றிச் சில கருத்துக்கள்

வேலைநீக்கக் கடிதம் ஒருவரின் பெயருக்கே வருகிறது. ஆயினும் அதன் சுமை முழுவதையும் அவர் ஒருவரே தாங்குவதில்லை. கந்தோரிலோ கடையிலோ தொழிற்சாலையிலோ எடுக்கப்பட்ட முடிவு அன்று மாலையே வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. அரிசிக்கும் வாடகைக்கும் பிள்ளையின் பாலுக்கும் வழி தேட வேண்டும். தலை குனிந்து வந்தவனை நிமிர வைக்கவும் வேண்டும். இவ்விரு பொறுப்புகளும் பெரும்பாலும் மனைவியின் தோளிலேயே விழுகின்றன. தொழிற்சங்க வரலாறுகள் இதனை எழுதுவது அரிது. பொருளியல் அட்டவணைகளில் இதற்கு இடமில்லை. ஆகவே இதனை எழுதும் கடமை இலக்கியத்தைச் சார்ந்ததாகிறது.

எம் நாட்டு வாசகருக்கு இது தூரத்துச் செய்தியன்று. 1980ஆம் ஆண்டு யூலை மாதத்தில், 300 ரூபா சம்பள உயர்வு முதலிய கோரிக்கைகளை முன்வைத்து வேலைநிறுத்தம் செய்தவர்களுள் ஏறத்தாழ 40,000 பேர், தாமாகவே பதவியை விட்டு விலகியவர்கள் எனக் கொள்ளப்பட்டு வேலை இழந்தனர். அந்த 40,000 வீடுகளில் என்ன நிகழ்ந்தது? இக்கேள்வியை மனத்திற் கொண்டே, 1932ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளிவந்த ஒரு நாவலை இங்கு எடுத்து நோக்க விரும்புகிறோம். ஹன்ஸ் பலாடா எழுதிய 'சின்ன மனிதனே, இனி என்ன?' என்பதே அந்நாவலாகும்.

அது பிறந்த காலத்தை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். 1929ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடி ஜேர்மனியை நிலைகுலைய வைத்திருந்தது. 1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தைக் கடந்தது. ஆலைத் தொழிலாளர் மட்டுமன்றி, வெள்ளைச் சட்டை அணிந்த சிறு உத்தியோகத்தரும் தெருவுக்குத் தள்ளப்பட்டனர். கூலிக்காரரிலும் தாம் ஒருபடி மேலானவர் என எண்ணி வாழ்ந்த இவ்வர்க்கத்தினரின் வீழ்ச்சியைத்தான் பலாடா தமது பொருளாகக் கொண்டார்.

கதை எளிமையானது. யோகன்னஸ் பின்னபேர்க் ஓர் இளம் கணக்கர். தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணான எம்மாவை அவன் மணக்கிறான். 'ஆட்டுக்குட்டி' என்று அவளைச் செல்லமாக அழைக்கிறான். சிற்றூர்த் தானிய வணிகன் ஒருவனிடம் அவன் வேலை பார்க்கிறான். தன் மகளை எழுதுவினைஞர் ஒருவன் தலையிற் கட்டிவிட எண்ணியிருக்கும் அவ்வணிகனிடம், தான் மணமானவன் என்பதைப் பின்னபேர்க் மறைக்க வேண்டியிருக்கிறது. உண்மை வெளிப்பட்டதும் வேலை போகிறது. பின்னர் இருவரும் பேர்லின் சேர்கின்றனர். அங்கே பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில், ஆடவர் ஆடைப் பகுதியில் அவன் விற்பனையாளனாகிறான். குழந்தையும் பிறக்கிறது. சிறிது காலத்தில் அந்த வேலையும் பறிபோகிறது. நகரின் எல்லைக்கு அப்பால், தோட்டத் துண்டு ஒன்றிலுள்ள குடிலில் அம்மூவரும் ஒதுங்குவதோடு கதை முடிகிறது.

இரண்டாவது வேலைநீக்கம் நிகழும் விதம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அங்காடி நிருவாகம் ஒவ்வொரு விற்பனையாளனுக்கும் ஒரு விற்பனை அளவை விதித்திருக்கிறது. சம்பளத்தைப் போலப் பல மடங்கு பெறுமதியுள்ள பொருளை மாதந்தோறும் அவன் விற்றாக வேண்டும். விற்கத் தெரிந்தவனாகிய பின்னபேர்க், இவ்விதி வந்த பின்னர் அச்சத்தினாலேயே விற்க இயலாதவனாகிறான். இந்நிலையில் புகழ்பெற்ற நடிகர் ஒருவர் கடைக்கு வருகிறார். ஏழை மனிதன் ஒருவனாக அவர் நடித்த திரைப்படத்தைப் பின்னபேர்க் முன்னர் கண்டு உருகியிருக்கிறான். எம் போன்றோரின் துயரை அறிந்தவர் இவர் என நம்புகிறான். நடிகரோ ஆடை ஆடையாக அணிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காது புறப்படுகிறார். பின்னபேர்க் அவரிடம் கெஞ்சுகிறான். தன் நிலையைச் சொல்லி மன்றாடுகிறான். நடிகர் அவன்மீது முறைப்பாடு செய்கிறார். அத்தோடு வேலை முடிந்துவிடுகிறது.

இந்த நீக்கம் நியாயமானதா? ஆசிரியரின் திறன் இங்குதான் புலனாகிறது. பின்னபேர்க் குற்றமற்றவன் எனக் காட்டிவிடுவது அவருக்கு எளிது. முதலாளியை ஓர் அரக்கனாகத் தீட்டியிருந்தால் வாசகரின் கண்ணீரும் உடனே கிடைத்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. வாடிக்கையாளர் ஒருவரைத் தொல்லைப்படுத்தியமை உண்மையே. கடையின் ஒழுங்கு விதிகளின்படி நோக்கினால் நிருவாகத்தின் முடிவுக்கு ஒரு காரணம் இருக்கவே செய்கிறது. அநீதி அந்த ஒரு நாள் நிகழ்ச்சியில் இல்லை. மனிதனைக் கெஞ்சும் நிலைக்குத் தள்ளிய விற்பனை அளவு விதியில் அது இருக்கிறது. முதலில் ஒருவனை அச்சத்துக்குள்ளாக்கி, அச்சத்தினால் அவன் செய்யும் பிழையையே பின்னர் அவனுக்கு எதிரான சான்றாக்கும் முறை இது. இன்றும் எத்தனையோ வேலைநீக்கங்கள் இவ்வழியிலேயே நிகழ்கின்றன. 'அவனிலும் ஏதோ பிழை இருந்திருக்கும்' என்று அயலார் பேசுவதற்கு இடமளிப்பதும் இம்முறையே.

அயலார் பேசும் அப்பேச்சை எம்மா பேசவில்லை. இந்நாவலின் உயிர்நிலை இதுவென்றே நாம் கருதுகிறோம். வேலை இழந்தவனின் உள்ளத்தில் ஓயாது ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது; நான் வேறு விதமாக நடந்திருக்கலாமே என்று அவன் தன்னையே கூண்டில் ஏற்றுகிறான். அந்த நீதிமன்றத்தில் மனைவியும் ஒரு நீதிபதியாக அமர்ந்துவிட்டால் அவனுக்கு வேறு புகலிடம் இல்லை. எம்மா அவ்வாறு அமர மறுக்கிறாள். அதேவேளை, எல்லாம் சரியாகிவிடும் என்ற பொய்யாறுதலில் அவள் காலங்கழிப்பவளும் அல்லள். மணமான புதிதிலேயே வரவுசெலவுக் கணக்கை வரி வரியாக எழுதிப் பார்த்தவள் அவள். வேலை போன பின்னர் வீடு வீடாகச் சென்று பிறர் துணிகளைத் தைத்துக் கொடுத்து உழைக்கிறாள். கணவன் குடிலிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். அயலில் உள்ளோர் விறகு திருடச் செல்லும்போது அவன் அவர்களுடன் சேராதிருக்க வேண்டும் என்பதிலும் அவள் உறுதியாக நிற்கிறாள்.

இது ஆசிரியரின் கற்பனையில் மட்டும் பிறந்த பெண்மைச் சிறப்பன்று. ஒஸ்திரியாவிலே மரியந்தால் என்னும் ஊரின் நெசவாலை 1929-30இல் மூடப்பட்டு, ஊரே வேலையற்றுப் போயிற்று. மரீ யகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹன்ஸ் சைசல் ஆகியோர் அங்கு ஆய்வு நடத்தி 1933இல் நூல் வெளியிட்டனர். தெருவில் நடப்போரின் வேகத்தையும் அவர்கள் அளந்து பார்த்தனர். ஆண்கள் மெதுவாக நடந்தனர், இடையிடையே நின்றனர். பெண்கள் விரைந்து நடந்தனர். ஆண்களுக்கு நாள் நீண்டு வெறுமையாகியிருந்தது. பெண்களுக்கோ சமையலும் பிள்ளைகளும், கிழிந்ததைத் தைத்தலும், இல்லாததைக்கொண்டு சமாளித்தலும் முன்னரைப் போலவே காத்திருந்தன. பெண்கள் ஊதியம் இழந்தனரேயன்றி உழைப்பை இழக்கவில்லை. எம்மாவின் பாத்திரத்தில் நாம் காணும் ஓயாத இயக்கத்துக்கு இந்த ஆய்வு ஒரு சான்று போல அமைகிறது.

நாவலின் இறுதிக் காட்சியை வாசித்தவர் மறக்கமாட்டார். ஓராண்டுக்கு மேலாக வேலையற்றிருக்கும் பின்னபேர்க் பேர்லின் நகருக்குச் செல்கிறான். சட்டைக் கழுத்துப்பட்டி இன்றி, உணவுப்பண்டக் கடை ஒன்றின் கண்ணாடி முன் நிற்கிறான். பொலிஸ்காரன் ஒருவன் அவனை விரட்டி, நடைபாதையிலிருந்து வீதிக்குத் தள்ளிவிடுகிறான். நடைபாதையில் நிற்கவும் தனக்கு உரிமையில்லை என்பதைப் பின்னபேர்க் அந்தக் கணத்தில் உணர்கிறான். இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பியவன் குடிலுக்குள் நுழையத் துணிவின்றி, தோட்டத்து இருளில் மறைந்து நிற்கிறான். எம்மா வெளியே வந்து அவனைத் தேடிக் கண்டு, தன்னோடு அணைத்துக்கொள்கிறாள். மனைவியின் முகத்தைப் பார்க்க நாணி நிற்கும் அம்மனிதனில், வேலைநீக்கம் என்பது வயிற்றின்மீது மட்டுமன்றி மானத்தின்மீதும் விழும் அடி என்பதை ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

இம்முடிவை வெறும் தப்பியோடல் எனக் கூறி ஒதுக்குவோர் உளர். உலகம் எரியும்போது காதலில் ஒளிந்துகொள்ளச் சொல்கிறார் ஆசிரியர் என்பது அவர்களது வாதம். இதனை நாம் முற்றாக ஏற்கவில்லை. தளர்ந்தவன் நாளைக்கு எழுந்து நடக்க வேண்டுமாயின் இன்றிரவு எவரேனும் அவன் கையைப் பற்றியாக வேண்டும். இத்தேவையை ஏளனம் செய்யும் முற்போக்கு, மனிதரை அறியாத முற்போக்காகும்.

எனினும் குறையொன்று இருக்கவே செய்கிறது. அதனைச் சுட்டாது விடுதல் நேர்மையாகாது. எம்மாவின் அன்பு உண்மையானது. ஆனால் அந்த அன்பு ஒன்றே போதும் என்னும் எண்ணத்தில் வாசகரை அமரவைத்துவிட்டு நாவல் முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் இன்னொரு வழிக்கான விதைகள் நாவலின் உள்ளேயே கிடக்கின்றன. தொடக்கத்தில், தொழிலாளியான மாமனார் தம் மருமகனைப் பார்த்து, நீங்கள் உத்தியோகத்தர் ஒன்றுபட்டு நில்லாதவர்கள் எனக் குத்திக் காட்டுகிறார். அக்கூற்று விரைவில் மெய்யாகிறது. தானிய வணிகனின் கந்தோரில் பணியாற்றும் மூவரும், தம்முள் ஒருவரை நீக்கினால் மற்ற இருவரும் உடன் விலகுவோம் என வாக்களித்துக்கொள்கின்றனர். பின்னபேர்க் நீக்கப்பட்டபோது அவ்வாக்கு காற்றிற் பறந்துவிடுகிறது. பேர்லின் அங்காடியிலோ நண்பன் ஹைல்புட் தன் விற்பனையைப் பின்னபேர்க்கின் கணக்கில் சேர்த்து உதவுகிறான். அது உயர்ந்த செயல்தான். ஆயின் தனிமனிதன் ஒருவனின் தயவு அது. விற்பனை அளவு விதியை அது தொடவில்லை. ஒற்றுமை உடைந்த இடத்தில்தான் குடும்பம் கடைசி அரணாகிறது. அந்த உடைவின் காரணத்தை ஆராயாமல், அரணின் அழகில் ஆசிரியர் நின்றுவிடுகிறார். விளைவாக, ஒரு வர்க்கம் முழுவதும் தாங்கவேண்டிய பாரம் எம்மா என்னும் ஒரு பெண்ணின் தோளுக்கு வருகிறது. அவள் தளர்ந்தால் அவளைத் தாங்குபவர் யார் என நாவல் கேட்கவில்லை.

வரலாறு இக்கேள்விக்குக் கொடிய விடை அளித்தது. தனித்து நின்ற சிறு உத்தியோகத்தரில் பலர் நாஸிகளின் பின்னாற் சென்றனர். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிப்பீடம் ஏறினான். கந்தோர் நண்பருள் ஒருவன் அடிதடிக்காகவே நாஸிக் கட்சியிற் சேர்ந்தவன் என நாவலில் தீட்டப்பட்டிருந்தது. அடுத்து வந்த பதிப்பில் அவன் ஓர் உதைபந்தாட்டக்காரனாக மாற்றப்பட்டான். முதற் பதிப்பின்போதே கையெழுத்துப் படியின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெட்டப்பட்டிருந்தது. அந்த முழு வடிவம் ஜேர்மனியில் 2016ஆம் ஆண்டிலேயே நூலுருப் பெற்றது.

இனி எம்மவர் பக்கம் திரும்புவோம். 1980 யூலைக்குப் பின்னர் எத்தனையோ எம்மாக்கள் இந்நாட்டிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். நகையை அடகு வைத்தனர். கணவனின் முகத்தைப் பார்த்துப் பேச்சை அளந்தனர். வேலைநிறுத்தம் செய்தது பிழையா என்னும் கேள்வியை அயலாரும் உறவினரும் அவர்களிடமே கேட்டனர். அவர்களுள் பலர் இன்று முதியவர்களாக எம்மிடையே உள்ளனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதும் வேலை இளம் எழுத்தாளரையும் மாணவரையும் எதிர்நோக்கி நிற்கிறது. அவர்களைத் தியாகச் சின்னங்களாக்கித் துதிபாடுதல் வேண்டாம். கடனுக்கு யார் தந்தார், யார் மறுத்தார், சங்கத் தோழர் எத்தனை நாள் வாசலுக்கு வந்தனர், எந்த நாளில் வராதொழிந்தனர் என்பவற்றையெல்லாம் உள்ளவாறு எழுதுதல் வேண்டும்.

அதனை எழுதப் புகுவோர் பலாடாவின் அந்த நடிகரை மறவாதிருத்தல் நன்று. திரையில் ஏழையாக நடித்து ஊரையே அழவைத்தவர் அவர். தம் எதிரே நின்று கெஞ்சிய ஏழையை அவரால் அடையாளம் காண முடியவில்லை. துன்பத்தை எழுதிப் புகழ்பெறும் எவருக்கும் இந்த ஆபத்து உண்டு. எமக்கும் உண்டு.