வில்லுப்பாட்டு வீடியோவும் மூலையில் ஒரு லோகோவும்

நாஞ்சில் நாட்டு அம்மன் கொடைகளில் பாடுகிற வில்லுப்பாட்டு இப்போ யூடியூப்பில் நிறையவே கிடைக்குது. ராத்திரி முழுக்கப் பாடினதை உள்ளூர் ஸ்டூடியோக்காரர்கள் எடுத்து ஏற்றுகிறார்கள். கதைப்பாடல்களைப் பற்றிக் குறிப்பு எடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனா அந்த வீடியோக்கள் மேல் ஒட்டியிருக்கிற லோகோவைப் பற்றி ஒரு விமர்சனம் உண்டு. அது தெளிவாகவும் தெரியலை, பார்க்க வேண்டியதையும் மறைக்குது.

முதலில் ஊடுருவித் தெரிகிற லோகோ. டிசைனர் கொடுக்கிற பிஎன்ஜி ஃபைலில் சிவப்பு, பச்சை, நீலம் போக ஆல்ஃபா என்று நாலாவது சேனல் ஒன்று இருக்கும். எந்தப் புள்ளி எவ்வளவு ஊடுருவித் தெரியணும் என்பதை அதுதான் சொல்லும். எடிட்டிங்கில் வைத்து வழக்கமான எச்.264 எம்பி4 ஆக வெளியே எடுத்ததும் ஆல்ஃபாவின் வேலை முடிஞ்சது. 40 பங்கு லோகோவும் 60 பங்கு பின்னணியும் கலந்து ஒரே நிறமாகிவிடும். கணக்குப்படி லோகோவைக் கழிச்சுப் பார்க்கலாமே என்று தோணும். ஆனா கம்ப்ரஷன் அந்த எண்களைத் தோராயமாக்கிவிடுவதால் பழைய படம் அப்படியே திரும்பாது. புரோரெஸ் 4444, விபி9 வெப்எம் போன்றவை ஆல்ஃபாவைச் சுமக்கும். யூடியூப் பார்க்கிறவரிடம் அது வந்து சேராது.

பாதி ஊடுருவுகிற லோகோ கம்ப்ரஷனுக்கும் சுமைதான். அசையாத, முழுசா மூடின லோகோ என்றால் அந்தக் கட்டங்களை என்கோடர் முந்தின ஃபிரேமிலிருந்து அப்படியே எடுத்துக்கும். ஊடுருவினால் பின்னால் அசைகிற ஆளும் மினுங்குகிற சீரியல் லைட்டும் லோகோவுக்குள்ளேயே தெரியும். பின்னணி ஒருபக்கம் நகர, லோகோ நிற்க, என்கோடரின் ஊகம் தப்பிப்போகும். அதனால்தான் எழுத்து ஓரத்தில் கொசு மொய்ச்ச மாதிரி இருக்கு. ராத்திரி வெளிச்சத்தில் கேமரா தருகிற புள்ளி இரைச்சல் வேறு இருக்கிற பிட்டையெல்லாம் தின்றுவிடும்.

அடுத்தது நிறம். 4:2:0 முறையில் வெளிச்ச விவரம் ஒவ்வொரு புள்ளிக்கும் உண்டு. நிற விவரம் நாலு புள்ளிக்கு ஒன்றுதான். கறுப்புக்கு மேல் மெல்லிய சிவப்பு எழுத்து கரைஞ்சு போவது இதனால்தான். வெள்ளை எழுத்தில் இழக்க நிறமே இல்லை, அதனால் கூர்மை நிற்கும். ஆனா நம்ம ஸ்டூடியோக்களுக்குப் பிடிச்சது தங்கப் பூச்சு, சுழலும் முப்பரிமாண எழுத்து. யூடியூப் தன் பங்குக்கு மறுபடி சுருக்கும், வாட்ஸ்அப்பில் போனா இன்னொரு தடவை. கடைசியில் கடை பேரே வாசிக்க முடியாது.

திருட்டுக்குப் பயந்துதான் லோகோ போடுகிறார்கள் என்பது நியாயம்தான். ராத்திரி பூரா முழிச்சு எடுத்ததை இன்னொரு சேனல் தூக்கிப் போட்டா யாருக்கும் வயிறு எரியும். ஆனா வில்லுப்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்து பாடுகிறவர்கள். வில், அதில் கட்டின மணிகள், வீசுகோல், குடம் எல்லாம் படத்தின் கீழ்ப்பாதியில் வரும். போன் நம்பர் ஓடுகிற பட்டையும் பெரும்பாலும் அங்கேதான். பாட்டு கேட்கும், எந்தச் சொல்லுக்கு வீசுகோல் விழுந்தது, குடம் தட்டுகிற கை எப்படிப் போச்சு என்பது தெரியாது. ஒரு குழுவைப் பற்றி மிஞ்சப்போவது அந்த ஒரு வீடியோதான் என்றால், போன் நம்பருக்காக அதை இழக்கிறோம்.

செய்யக்கூடியது கஷ்டமில்லை:

• லோகோ சின்னதா, வெள்ளையா, முழுசா மூடினதா, மெல்லிய கறுப்பு ஓரத்தோடு இருக்கட்டும். அசைய வேண்டாம்.

• மேல்மூலையில், பந்தல் துணி தெரிகிற இடத்தில் வையுங்கள். கீழே பட்டை வேண்டாம். நம்பரை விளக்கக் குறிப்பில் போடலாம்.

• வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்கைப் பெரிசாக்காதீங்க. அதில் ஆல்ஃபாவே கிடையாது. மூல பிஎன்ஜி அல்லது எஸ்விஜி கேட்டு வாங்குங்கள்.

• யூடியூப்பிலேயே சேனல் வாட்டர்மார்க் வசதி இருக்கு. அது பிளேயர் மேலே தனியா வரைவது, வீடியோவுக்குள் கலக்காது. திருட்டை அது தடுக்காது, ஆனா படமும் கெடாது.

• எல்லாத்துக்கும் மேல, கேமரா கார்டில் இருக்கிற லோகோ இல்லாத ஃபைலை அழிக்காம ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள். பாடின குழுவுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

லோகோவை எப்போ வேணும்னாலும் சேர்க்கலாம். எடுக்கத்தான் முடியாது.