சரியான விடை மட்டும் போதுமா?

ஆற்றல் பட்டை முழுதும் நிரம்பியிருந்தால் மின்கடத்தாப் பொருள். குறையாக நிரம்பியிருந்தால் உலோகம். இயற்பியல் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் விதி இது. இதை நிக்கல் ஆக்சைடுக்குப் பொருத்திப் பார்ப்போம். நிக்கல் அயனியின் 3டி ஆர்பிட்டால்களில் 10 இடங்கள் உண்டு. இருக்கும் எலெக்ட்ரான்களோ 8. ஆகவே அது உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் தூய நிக்கல் ஆக்சைடு பச்சை நிறமுள்ள ஒரு மின்கடத்தாப் பொருள்!

இந்த முரண்பாட்டை 1937-இல் டி போயரும் வெர்வேயும் எடுத்துக் காட்டினர். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதே இதற்குக் காரணம் என்ற கருத்தைப் பின்னர் மாட் வளர்த்தார். 8 எலெக்ட்ரான்கள் உள்ள அயனிக்குள் ஒன்பதாவது ஒன்று நுழைய மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆதலால் ஒவ்வோர் எலெக்ட்ரானும் தன் அயனியிலேயே தங்கிவிடுகிறது.

அடுத்தடுத்த அயனிகளின் காந்தத் திசைகள் எதிரெதிராக அடுக்கப்பட்டிருப்பதே காரணம் என 1951-இல் ஸ்லேட்டர் கருதினார். ஆனால் சுமார் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் அந்த அடுக்கு குலைகிறது. அதன் பின்னரும் பொருள் உலோகமாக மாறுவதில்லை. எனவே இவ்விளக்கம் மட்டும் போதாது.

கணிப்பொறிக் கணக்குகள் என்ன சொல்லின? ஆற்றல் இடைவெளி சுமார் 4.3 எலெக்ட்ரான் வோல்ட் என்பது 1984-இல் சவாட்ஸ்கியும் ஆலனும் வெளியிட்ட அளவீடு. விலக்கு விசையைச் சராசரியாக்கிப் போட்ட கணக்குகளோ அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தரவில்லை. 1991-இல் அனிசிமோவ், சானென், ஆண்டர்சன் ஆகியோர் 3டி ஆர்பிட்டால்களைத் தனியே பிரித்து, அவற்றுக்கு 'யு' என்ற விலக்கு ஆற்றலைச் சேர்த்தனர். நிக்கல் ஆக்சைடுக்கு அது ஏறத்தாழ 8 எலெக்ட்ரான் வோல்ட். இடைவெளி பெரிதும் விரிந்தது. இது உண்மையான முன்னேற்றமே.

எனினும் ஒரு கேள்வி எழுகிறது. எந்த 3டி ஆர்பிட்டால்? படிகம் முழுதும் பரவிய அலைகளை ஒன்றுகூட்டி, அணுவைச் சுற்றி ஒடுங்கிய சார்புகளாக மாற்றலாம் என 1937-இல் வானியர் காட்டினார். ஆனால் இதைப் பல விதமாகச் செய்யலாம். பரவல் மிகக் குறைந்ததையே தேர்ந்தெடுக்கும் விதியை 1997-இல் மர்சாரியும் வாண்டர்பில்ட்டும் தந்தனர். அப்போதும் சிக்கல் முற்றும் தீரவில்லை. ஆக்சிஜனின் அலைகளையும் கணக்கில் சேர்த்தால் ஆர்பிட்டால் ஒடுங்குகிறது. விட்டுவிட்டால் அகன்று ஆக்சிஜன் மீதும் படர்கிறது. ஆர்பிட்டால் மாறினால் யு-வும் மாறும். ஆகவே ஆர்பிட்டாலைக் குறிப்பிடாமல் யு-வை மட்டும் சொல்வது, அலகைச் சொல்லாமல் நீளத்தைச் சொல்வது போன்றது.

சோதனையில் கண்ட இடைவெளி கிடைக்கும்வரை யு-வை மாற்றிக்கொண்டே போகும் கணக்குகளும் உண்டு. விடையைப் பார்த்துவிட்டு வழியை எழுதும் மாணவனுக்கு நாம் முழு மதிப்பெண் தருவோமா? யு-வையும் கணக்கிட்டே பெற வழி உண்டு. 2005-இல் கொகோச்சியோனியும் டி ஜிரோன்கோலியும் அத்தகைய முறை ஒன்றை வகுத்தனர். அப்படிப் பெற்ற எண்ணைக் கொண்டு இடைவெளியை மட்டுமன்றி, அயனியின் காந்தத் திருப்புத்திறனையும், காந்த அடுக்கு குலையும் வெப்பநிலையையும் கணித்துச் சோதிக்க வேண்டும். அச்சோதனையில் தேறும் கணக்கையே விளக்கம் எனலாம். மற்றவை பொருத்தம் மட்டுமே.