உளவளத்துணையும் கலந்தாய்வும்

மாணவரின் மனச்சுமையைச் செவிமடுத்து, அவர் கற்கவும் வளரவும் உடன்நிற்கும் பணியை இலங்கைத் தமிழ் 'உளவளத்துணை' என்று அழைக்கிறது. துணை என்ற சொல் அதில் இருப்பதால், அறிவுரை சொல்பவர் மேலும் கேட்பவர் கீழும் நிற்கும் நிலை அங்கே எழுவதில்லை. கல்வியியல் நூல்களில் 'சீர்மியம்' என்ற பெயரும் களப்பணியாளரிடையே 'ஆற்றுப்படுத்தல்' என்ற பெயரும் இதற்கு வழங்கின. தமிழகத்திலோ கவுன்சலிங் என்றாலும் கலந்தாய்வு என்றாலும் பெற்றோருக்கு முதலில் நினைவில் எழுவது பொறியியல் இடங்களைத் தரவரிசைப்படி ஒதுக்கும் நடைமுறையே. ஆசிரியருக்கு அதே சொல் பணியிட மாறுதலைக் குறிக்கிறது. அங்குள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் 'ஆற்றுப்படுத்துநர்' என்ற பதவிப்பெயர் இருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அது அரசு ஆவணத்துக்குரிய சொல்லாகவே தோன்றுகிறது.

ஈழத்துப் பாடசாலைகளின் உளவளத்துணை வெளிநாட்டு நிதியோடு வந்திறங்கிய ஒன்று என எளிதில் ஒதுக்கிவிடுவோர் உண்டு. நிதியும் பயிற்சியும் வெளியிலிருந்து வந்தன என்பது மெய்தான். தேவையும் சொல்லும் மண்ணிலிருந்தே வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் போரினால் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த பின்னர், கிடைத்த இடங்களில் வகுப்புகளை மீண்டும் தொடங்கிய ஆசிரியர்கள், பாடத்தைக் கற்பிப்பதற்கு முன் பிள்ளையின் அச்சத்தை ஆற்ற வேண்டியவர்களாயினர். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற நூலில் அதிர்ச்சியின் தழும்பைத் தமிழிலேயே விளக்கினார். யாழ்ப்பாணத்துச் சாந்திகம் நிறுவனம் உளவளத்துணையாளரைப் பயிற்றுவித்தது. 2004 ஆழிப்பேரலையும் 2009 இல் முடிந்த போரின் இறுதிக் காலமும் இப்பணியை மேலும் பல பாடசாலைகளுக்குள் கொண்டுசென்றன.

உளவளத்துணையின் பலன் பெறுபேற்றில் நேராகத் தெரிவதில்லை. உறக்கம் கெட்ட பிள்ளைக்குக் கவனம் நிலைப்பதில்லை. கவனம் நிலைக்காத பிள்ளை கணக்கில் பின்தங்குகிறது. பின்தங்கியதற்காக ஏசப்படும்போது பாடசாலைக்கு வரவே தயங்குகிறது. இச்சங்கிலியின் முதற்கண்ணியைக் காணக்கூடியவர், பிள்ளையின் கையெழுத்து மாறியதையும் மதிய உணவு தொடப்படாததையும் நாள்தோறும் காணும் ஆசிரியரே. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடியையும், உயர்தரத்தில் பல்கலைக்கழக நுழைவுக்கான இசட் புள்ளி குறைந்துவிடுமோ என்ற கலக்கத்தையும் அவர் உள்ளிருந்தே அறிந்தவர். வீட்டுக்குச் சென்று தாயோடு பேசவும் அவரால் முடியும்.

தமிழகம் பெரிய அளவில் செயற்படுகிறது. 2018 இல் தொடங்கிய 14417 என்ற கல்வி உதவி எண், ஊர் ஊராகச் செல்லும் நடமாடும் ஆலோசனை ஊர்திகள், 2022 இல் தொடங்கி உயர்கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் வழிகாட்டும் நான் முதல்வன் திட்டம் ஆகியன எண்ணிக்கையில் இலங்கையால் எட்ட முடியாதவை. பொதுத்தேர்வில் தவறியவர் ஓராண்டை இழக்காதபடி உடனடியாக நடத்தப்படும் துணைத்தேர்வு உயிர்காக்கும் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. இவை பெரும்பாலும் அரசு அறிவிப்புகளின் வழியே அறியப்படுபவை. வகுப்பறைக்குள் அவை எவ்வாறு ஒலிக்கின்றன என்பதை அறிவிப்புகள் சொல்வதில்லை. மேலும், ஊர்தி திரும்பிச் சென்றுவிடுகிறது, தொலைபேசிக் குரலுக்குப் பிள்ளையின் முகம் தெரியாது என்ற குறை எஞ்சுகிறது.

முகம் தெரியாமையே சில பிள்ளைகளுக்குக் காப்பாகவும் அமைகிறது. சிறிய ஊரில் உளவளத்துணை அறையை நோக்கி நடக்கும் பிள்ளையை எல்லோரும் காண்பர். காலையில் ஏசிய அதே ஆசிரியரிடம் மாலையில் மனம் திறப்பதும் அரிது. இலங்கையில் 1929 என்ற சிறுவர் உதவி எண் இருப்பதும் இத்தகைய தேவையை உணர்ந்தே. இருந்தும், ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் தொடர்ந்து கவனிக்கப்படுவதற்கு, பாடசாலை ஆசிரியரே துணைநிற்கும் ஈழத்து முறையே ஏற்றது. அம்முறை நிலைக்க வேண்டுமாயின், வலயக் கல்வி அலுவலகங்களும் அதிபர்களும் உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியரின் பாடவேளைகளைக் குறைத்து, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையை அவருக்கு ஒதுக்கித்தர வேண்டும்.