சாட்சி சொல்லும் எழுத்து

கல்பாக்கம் என்றதும் வெளியூர் அன்பர்கட்கு அணுமின் நிலையமே நினைவிற்கு வரும். 1984இல் முதல் அணு உலை வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது முதல் அதுவே ஊரின் முகமாயிற்று. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும், வலை உலர்த்தும் குப்பங்களும், பள்ளிவாசல் தெருக்களும் அப்பெயருக்குள் மறைந்து போயின.

நம் சமுதாயத்தின் நிலையும் இதுவே. தமிழ்த் திரைப்படத்தில் முஸ்லிம் என்றால் தொப்பியும் தாடியும், ‘நம்பள்’, ‘நிம்பள்’ என்ற பேச்சுமே பல்லாண்டு காட்டப்பட்டன. வீட்டிலே தமிழன்றி வேறறியாத நமக்கு அது அயலார் முகம்.

தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் நூலாக வெளியிட்ட ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ அப்பொய்முகத்தைக் களைந்தது. அதே கையால் முதலாளியின் ஆணவத்தையும், தங்ஙள் பெயரால் நிகழும் ஏமாற்றையும், பள்ளிக்கூடத்திற்கு எழுந்த எதிர்ப்பையும் ஒளிவின்றித் தீட்டியது. ‘நம் குறையை நாமே ஊரறியச் சொல்வதா?’ என்று கேட்போர் உளர். அவர்களது அச்சம் பொருளற்றதன்று. பகைவர் அதை ஆயுதமாக்கவும் கூடும். ஆயினும் தமக்கும், பெற்றோருக்கும், உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருமறையின் நான்காம் அத்தியாயம் (4:135) பணிக்கின்றதே! புகழ்ச்சி மட்டுமே பாடும் எழுத்து சாட்சியாகாது.

ஒரு கிராமம் முழுச் சமுதாயமாகிவிடாது என்பதும் உண்மையே. அதற்கு மருந்து பேனாவை முடக்குவதன்று, பேனாக்களைப் பெருக்குவது. 2004இல் ஸல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வெளிவந்தபோது, மீரான் நுழையாத அடுக்களைகளும் பேசின. கல்பாக்கத்துத் தெருக்களும் தம் எழுத்தாளரை எதிர்நோக்கியிருக்கின்றன. நம்மை நாமே எழுதாவிடில், பிறர் தீட்டிய படமே நம் பிள்ளைகளுக்கும் கண்ணாடியாகிவிடும்.