16 படிகளும் ஒரு கையும்: திரும்ப வருதலை வாசித்தல்

"மெஷின் ஒன்றையே திரும்பத் திரும்ப அடிக்கிறது, இதில் கலை எங்கே இருக்கு?" மின்னணு இசை பற்றி இலக்கிய நண்பர்களிடம் பேச்செடுத்தால் வருகிற முதல் பதில் இதுதான். கொஞ்சம் கோட்பாடு படித்தவர் என்றால் அடோர்னோவைத் துணைக்கு இழுப்பார். வெகுசன இசையின் தரப்படுத்தல் பற்றி அவர் 1941இல் எழுதியதைச் சொல்லி, தொழிற்சாலையின் தாளமே இந்தத் தாளம் என்று முடித்துவிடுவார். முடிப்பதற்கு முன்னால் அந்த இயந்திரத்தையே ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தால் என்ன?

ரோலண்ட் என்கிற ஜப்பானிய நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷினை எடுத்துக்கொள்வோம். கீழே வரிசையாக 16 பொத்தான்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என நிறத்துக்கு நான்கு. ஒரு பொத்தான் ஒரு படி. எந்தப் படியில் அடி விழ வேண்டுமோ அதை அழுத்த வேண்டும். 16 முடிந்ததும் மறுபடி முதல் படி. இந்தச் சுற்றுக்குப் பெயர் பேட்டர்ன். 16 என்பது இயற்கை தந்த எண் ஒன்றுமில்லை. நாலு அடி, ஒவ்வொன்றிலும் நாலு பங்கு என்கிற ஒரு கணக்கு, பொத்தான்களின் நிறத்தோடு சேர்ந்து 'இயல்பாக' ஆகிவிடுகிறது. மாற்றவே முடியாதா என்றால் முடியும். 12 படியோடு நிறுத்தி மூன்றன் கணக்குக்குப் போகலாம். இரண்டாம் பகுதியைச் சேர்த்து 32 வரை நீட்டலாம். ஆனால் பெரிய டிரம் முதல் கைத்தட்டல் வரை எல்லா ஒலிக்கும் ஒரே நீளம்தான். எல்லோரும் சேர்ந்து தொடங்கி, சேர்ந்தே முடிக்க வேண்டும்.

சுற்றுகளை அடுக்கிப் பாட்டாக்குவது அடுத்த வேலை. எந்தப் பேட்டர்னுக்குப் பின் எது என்று எழுதி வைக்கலாம். ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் அக்காய் வெளியிட்ட எம்பிசி-60இல் இது அப்பட்டமாக ஒரு பட்டியல்: இந்தத் துண்டு, இத்தனை முறை, பிறகு அடுத்த துண்டு. யாப்பு படித்தவர்களுக்கு இது அந்நியமானதல்ல. சீரோடு சீரை இணைப்பதற்கு நம்மிடம் உள்ள பெயர் தளை. தளை என்றால் விலங்கும்தான். இணைப்பதும் கட்டிப்போடுவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பாட்டு எங்கே முடியும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. கேட்பவருக்கு ஏதோ முன்னேறிப் போகிற மாதிரி தோன்றும். உள்ளே நடப்பது என்னவோ அதே துண்டுகள் திரும்ப வருவதுதான்.

இந்த இடத்தில் ஜேம்ஸ் ஸ்னீட் நமக்கு உதவுகிறார். கறுப்புப் பண்பாட்டில் திரும்ப வருதல் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1981இல் வந்தது. திரும்ப வருதல் இல்லாத பண்பாடே கிடையாது என்கிறார் அவர். நவீன ஐரோப்பியப் பண்பாடு அதை 'வளர்ச்சி' என்கிற கதைக்குள் மறைக்கிறது. கறுப்புப் பண்பாடு அதை வெளியில் எடுத்து வைக்கிறது, சட்டென்று வெட்டி முதலுக்குத் திரும்புவதைக் கூச்சமில்லாமல் காட்டுகிறது. ஆக, பிரச்சினை ஒன்று திரும்ப வருவதில் இல்லை. அதை ஒளிப்பவர் யார், காட்டுபவர் யார் என்பதில் இருக்கிறது.

ரோலண்டின் இன்னொரு இயந்திரமான டிபி-303இன் கதை இதற்குச் சாட்சி. பாஸ் வாசிக்க ஆள் கிடைக்காத கிதார்க்காரருக்குத் துணையாக 1980களின் தொடக்கத்தில் வந்தது அது. சுரங்களைத் தனியாகவும் கால அளவைத் தனியாகவும் ஏற்ற வேண்டும். மனுஷனைப் படாதபாடு படுத்தும். விற்கவில்லை. 1984இல் உற்பத்தி நின்றது. இரண்டாம் கைச் சரக்காக அடிமாட்டு விலைக்குப் போனதால்தான் சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் கைக்கு அது வந்தது. ஃபியூச்சர் என்கிற குழு 1987இல் வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' 11 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரு சின்னச் சுற்று விடாமல் சுற்ற, அதன்மேல் ஒரு கை திருகுகளைத் திருகிக்கொண்டே இருக்கிறது. ஒலி கூர்மையாகிறது, கிறீச்சிடுகிறது, அடங்குகிறது.

கவனிக்க வேண்டிய ஒரு தொழில்நுட்ப விவரம் உண்டு. 303இன் நினைவகத்தில் 64 பேட்டர்ன்கள் பதியும். ஆனால் திருகுகள் எந்த நிலையில் இருந்தன என்பது பதியாது. திரும்ப வருவதை இயந்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும், வித்தியாசத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. வித்தியாசம் முழுக்க அந்தக் கையினுடையது. தொழிற்சாலைத் தாளம் என்று ஒதுக்குகிற நம் நண்பரின் காதில் விழாமல் போனது இந்தக் கைதான்.

அப்படியானால் இயந்திரம் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனம் 2017இல் வெளியிட்ட டிஜிடாக்டில் ஒவ்வொரு தடத்துக்கும் தனி நீளம் வைக்கலாம். ஒன்றுக்கு 16 படி, இன்னொன்றுக்கு 15 என்று வைத்தால் இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 240 படிகள் ஆகும். எல்லோரும் சேர்ந்தே முடிக்க வேண்டும் என்கிற பழைய கட்டளை இங்கு தளர்கிறது. நல்லதுதான். ஆனால் அதே இயந்திரத்தில், நாலு சுற்றில் மூன்றாவது சுற்றுக்கு மட்டும் இந்த அடி விழட்டும் என்று நிபந்தனை போடலாம். திருகின் நிலையைக்கூடப் படிக்குப் படி பதிந்து வைக்கலாம். 303ஆல் பதிய முடியாமல் போன வித்தியாசம் இப்போது ஒரு பட்டியலில் தேர்வு செய்கிற சரக்காகிவிட்டது. பன்மை கிடைத்துவிட்டது என்று கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வித்தியாசத்தைப் பதிந்து வைத்து ஓடவிடுவது ஒன்று, ஓடிக்கொண்டிருப்பதில் கைவைத்து உண்டாக்குவது வேறு. டிஜிடாக்டில் இரண்டும் சாத்தியம். எது நடக்கும் என்பது அதன்முன் நிற்பவரைப் பொறுத்தது.

இதை எழுதுவது இசைக்கு வக்காலத்து வாங்க மட்டுமல்ல. விளிம்பிலிருந்து வருகிற எழுத்தைப் பற்றியும் "சொன்னதையே சொல்றாங்க" என்று விமர்சகர்கள் அலுத்துக்கொள்வதை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சொன்னதையே சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் எந்தத் திருகு எவ்வளவு திரும்பியது என்று அவர்கள் கேட்டார்களா?