முன்பணத்துக்கும் ஆல்பத்துக்கும் நடுவில்

கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் தனிநபர் புகைப்படக்காரரிடம் பெண் வீட்டார் முதலில் கேட்பது, “ரெண்டு நாளைக்கு எவ்வளவு?” என்றுதான். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். ட்ரெடிஷனலுக்கு ஒருவர், கேண்டிடுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், கடைசியில் 12க்கு 36 அங்குலத்தில் ஒரு ஆல்பம். தொகை முடிவாகும், முன்பணம் கைமாறும். எழுத்தில் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

இந்த வாய்ப்பேச்சு முறைக்கு உண்மையான பலம் உண்டு. நம் கல்யாணம் நிகழ்ச்சி நிரல்படி நடப்பதில்லை. பேசும்போது இல்லாத நலங்கு முந்தின நாள் சேர்ந்துகொள்ளும். வரவேற்பு வரிசை நள்ளிரவு வரை நீளும். நல்ல புகைப்படக்காரர் மணிக்கணக்குப் பார்க்காமல் நின்று எடுப்பார். அந்த வீட்டின் அடுத்த கல்யாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இல்லாதவர், தையிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மூன்று கல்யாணங்களை ஒப்புக்கொண்டுவிடுகிறார். தான் போக முடியாத இடத்துக்கு நாள் சம்பளத்தில் இன்னொருவரை அனுப்புகிறார். அனுப்புவது தவறில்லை, முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு.

பெரிய சிக்கல் கல்யாணம் முடிந்த பிறகே வருகிறது. ஆயிரக்கணக்கான படங்களில் ஆல்பத்துக்கு வேண்டியதை வீட்டாரே தேர்ந்தெடுக்கிறார்கள். மேலைநாடுகளில் பெரும்பாலும் புகைப்படக்காரரே சலித்து, தேறியதை மட்டும் தருவார். அது இங்கே ஒத்துவராது என்பேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் பெண்ணை வளர்த்த தாத்தாவா, தெருக்காரரா என்று கேமரா பிடிப்பவருக்கு எப்படித் தெரியும்? படம் லேசாக ஆடியிருந்தாலும் அந்தத் தாத்தா ஆல்பத்தில் இருந்தாக வேண்டும். அதனால் செலக்‌ஷன் வீட்டார் கையில் இருப்பதே சரி.

கெடுப்பது, கடைசித் தவணையை ஆல்பத்தோடு கட்டிவைக்கும் வழக்கம். பெண் ஒரு ஊரில், பெற்றோர் ஒரு ஊரில். தேர்வு மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. உடன் வந்தவர்களுக்குக் கைப்பணத்திலிருந்து சம்பளம் கொடுத்துவிட்ட புகைப்படக்காரருக்கு மீதி வருவதில்லை. பணம் வராததால் படங்களை முழுசாகக் கொடுக்க அவரும் தயங்குகிறார். இப்படி இருவரும் காத்திருக்கையில், கல்யாணம் முழுவதும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. அது பழுதானால் திரும்ப எடுக்க முடியாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி, 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அவற்றில் 1 வேறு இடத்தில் என்கிறது. படங்கள் முழுவதையும் வீட்டாரிடம் உடனே கொடுத்துவிட்டால், வேறு இடத்துப் பிரதி செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது.

பணத்தைப் பிடித்துவைக்காவிட்டால் ஆல்பம் வரவே வராது என்ற வீட்டாரின் பயமும் நியாயமானதே. அதற்காக ஆல்பத்தின் விலையை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்திவைக்கலாம். படம் எடுத்த கூலி முழுவதும், படங்கள் கைக்கு வரும் நாளிலேயே தீர்ந்துவிட வேண்டும். ஆல்பத்துக்கான கெடுவைச் செலக்‌ஷன் கிடைத்த தேதியிலிருந்து எண்ணலாம்.

எழுதிக்கொள்ளாததால் வரும் இன்னொரு சிக்கலைப் பல புகைப்படக்காரர்கள் அறிவதில்லை. தாங்கள் எடுத்த படம் தங்களுக்கே சொந்தம் என்று நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் வேறுவிதமாகச் சொல்கிறது: ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். மணப்பெண்ணின் படத்தை இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகப் போட விரும்புகிறவர், முன்பணம் வாங்கும் அன்றே அதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துக்காகக் கட்டணத்தை ஏற்றக் கூடாது.